தகரப் பட்டி வைத்துத் தைத்த உடுப்பு

மதினி,

நேற்று ஆஸ்பத்திரியில் என் இடுப்பு வலிக்கு ஒரு பெல்ட் கொடுத்தார்கள். கெட்டித் துணி, உள்ளே வரிசையாக இரும்புப் பட்டி, பின்னால் இழுத்துக் கட்டக் கயிறு. நர்ஸ் பிள்ளை பின்னால் நின்று ஒரு இழு இழுத்தாள் பாருங்கள், "அய்யோ மதினி!" என்று கத்திவிட்டேன். "யாரும்மா மதினி?" என்று கேட்டாள். "செத்துப் போனவங்க. நீ கயித்தக் கட்டு" என்றேன். என் வாய்தான் உங்களுக்குத் தெரியுமே.

என் அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் ஒற்றை அறைக் காம்பராவுக்கு நீங்கள் கொண்டுவந்த சீர் ஒரு ஊசிப் பெட்டிதான். அட்டனில் கன்னியாஸ்திரிகளிடம் பழகிய கை. அது துரை பங்களா வரைக்கும் தெரிந்துபோனது. கிளப்பில் பழங்கால வேஷம் கட்டி ஆடப் போகிறார்களாம், நூறு வருஷத்துக்கு முந்திய சீமை உடுப்பு வேண்டும், மிஷின் படவே கூடாது, உள்ளே போடுவதிலிருந்து எல்லாம் கைத்தையல் என்று துரைசாணி ஒரு படத்தை நீட்டினாள். உள்பாவாடை மட்டும் ஐந்து! அதற்கும் மேலே, மாரையும் இடுப்பையும் இறுக்கிப் பிடிக்கிற ஒரு சனியன். அதற்கு நீங்கள் வைத்த பெயர் கூடு.

கூட்டுக்குள் அந்தக் காலத்தில் திமிங்கல எலும்பு வைப்பார்களாம். மஸ்கெலியாவில் திமிங்கலத்துக்கு எங்கே போவது? தேயிலைப் பெட்டியின் ஓரத்தில் அடிக்கிற தகரப் பட்டியை ஃபேக்டரியில் கேட்டு வாங்கி வந்தீர்கள். கல்லில் தேய்த்து முனை மழுக்கி, துணி சுற்றி, ஒவ்வொன்றாகச் செருகிக் கெட்டித் தையல் போட்டோம். என் விரல் முழுக்க ஓட்டை. "சீமைக்காரி மூச்சு விடவே மாட்டாளா மதினி?" என்றால், "அவ ஏன் விடணும், அவளுக்கும் சேத்து நாமதான் விடுறோமே" என்பீர்கள். அண்ணன் வீட்டில் இல்லாத நேரத்தில் மட்டும் நீங்கள் இப்படிப் பேசுவீர்கள்.

துரைசாணிக்கும் உங்களுக்கும் ஒரே இடுப்பளவு. பெரட்டில் பேர் கொடுத்து வேலைக்குப் போக வேண்டாத ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அளவு பார்க்க உங்களுக்கே போட்டுவிட்டேன். சட்டைக்கு மேல் கூடு, இடுப்பில் ஐந்து பாவாடை. கவுனை அதற்கு மேலே மாட்ட வேண்டும். அதற்குள் எனக்கு அவசரம். அப்படி ஒரு அழகாக நின்றீர்கள். நான்தான் வாசலுக்கு ஓடிப்போய்க் கத்தினேன்: "அண்ணே, ஓடியா! ஒம் பொண்டாட்டி ராணியாட்டம் நிக்கிறதப் பாரு!"

அண்ணன் வந்தான், கசிப்புச் சாராய வாடையோடு. கூடவே இரண்டு பேர். அவர்கள் உங்களை மேலும் கீழும் பார்த்துச் சிரித்தார்கள். அவ்வளவுதான். "உள்பாவாடையோட ஆம்பளைங்க முன்னால நிக்கிறியாடி?" என்று எட்டி உதைத்தான். விழுந்த உங்களால் எழுந்திருக்க முடியவில்லை, குனிய விடாமல் தகரம் பிடித்துக்கொண்டது. முதுகில் முடிச்சை இறுக்கியவள் நான். தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியை எடுத்து விலாவில் இழுத்தான். தகரத்தில் கிரீச்சென்று உரசி வழுக்கி, கையில் இறங்கி எலும்பு தெரிந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் கவுனைத் தேய்க்க வைத்திருந்த இஸ்திரிப் பெட்டியைக் கரி நெருப்போடு தூக்கி அவன் மேலேயே எறிந்தேன். தொடையில் கங்கு கொட்டி அலறிக்கொண்டு ஓடினான். கூட வந்த நாய்கள் அதற்கு முன்பே ஓடியிருந்தன.

தோட்டத்து டாக்டரையா கட்டுப் போட வந்தார். "இது யார் வெட்டினது?" என்று என்னைத்தான் கேட்டார். சொன்னால் அண்ணனுக்குப் பத்துச்சீட்டு கொடுத்துத் தோட்டத்தைவிட்டே துரத்துவார்கள், காம்பராவும் போகும். அம்மா பின்னாலிருந்து என் முதுகைக் கிள்ளினாள். "மலையில வழுக்கி விழுந்துட்டாங்கய்யா, கத்தி கெடந்திருக்கு" என்றேன். தீயை வீசத் துணிந்த எனக்கு ஒரு வார்த்தை சொல்லத் துணிவில்லை. அவர் உங்களைப் பார்த்தார். நீங்கள் ஆமென்று தலையை ஆட்டினீர்கள்.

ரத்தம் பட்ட பாவாடைகளை விட்டுவிட்டு, ஐந்தையும் புதிதாகத் தைத்துக் கொடுத்தோம். துரைசாணி நன்றாக ஆடினாளாம்.

மூன்று மாதம் கழித்து, கொழுந்து மலையில், பட்டப்பகலில், அதே கத்தி. இந்த முறை உங்கள் மேல் சேலை மட்டும்தான். கூடையை எறிந்துவிட்டு நான் ஓடிவந்தபோது, வயிற்றைப் பொத்தியிருந்த உங்கள் விரல்களைப் பிரிக்க முடியவில்லை. அண்ணன் பக்கத்திலேயே குந்தியிருந்தான். அவன் முகத்தில் காறித் துப்பினேன்.

கோர்ட்டில் எல்லாம் சொன்னேன். முதல் வெட்டையும் சொன்னேன், நான் சொன்ன பொய்யையும் சொன்னேன். வெளியே வந்ததும் அம்மா மண்ணை வாரி என் மேல் தூற்றினாள். தூற்றட்டும். அண்ணன் உள்ளே போனான். எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை.

ஒன்றை மட்டும் நான் யாரிடமும் சொன்னதில்லை. அன்று டாக்டரையா படியிறங்கிக்கொண்டிருந்தார். இன்னும் லயத்து வாசலைத் தாண்டவில்லை. உங்களைப் பார்க்க முடியாமல் நான் அடுப்பைப் பார்த்து நின்றேன். நீங்கள் வெட்டுப்படாத கையால் என் கன்னத்தைத் தடவி, "விடு புள்ள, நீ என்ன செய்வ, கூடப் பொறந்த பொறப்பாச்சே" என்றீர்கள்.

அந்தக் கை இன்னும் என் கன்னத்தில் இருக்கிறது. ஏன் மதினி தடவினீர்கள்? ஓங்கி ஒரு அறை விட்டிருக்கக் கூடாதா? நான் ஓடிப்போய் அவரைத் திரும்பக் கூப்பிட்டிருப்பேனே.