கடன் கொடுத்தவர்கள் பட்டியலில் உன் பெயர்

மெம்ஃபிஸ்,
ஏப்ரல் 14

அன்பு மகள் ஜோனெலுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் மூச்சும் பேச்சுமாக இருக்கிறோம், அங்கே அலாஸ்கா பனியில் நீ இரண்டு காலுறை போட்டுக்கொண்டு கதகதப்பாக இருக்க வேண்டும் என்பதுதான் என் தினசரி வேண்டுதல்.

மூன்று வாரமாக நம் வீடு தண்ணீருக்கு அடியில் இருப்பது போல அமைதியாகக் கிடக்கிறது. போன் அடிப்பதில்லை. ஒரு நாளைக்குப் பதினாறு தரம் அலறிய போன். அப்பாவின் முதுகு ஆபரேஷனுக்குப் பிறகு ஆஸ்பத்திரி பில்லும் கார்டுக் கடனும் வேன் தவணையும் சேர்ந்து எங்கள் கழுத்தை நெரித்தது உனக்குத் தெரியும், நாங்கள் திவால் மனு போட்டுவிட்டது தெரியாது. சொல்ல வெட்கமாக இருந்தது. வக்கீல் ஹோல்காம் அம்மா மனுவைப் பதிவு செய்துவிட்டு, "இந்த நிமிஷத்துலருந்து ஒருத்தனும் உங்களக் கூப்பிட்டு மிரட்ட முடியாது, வேனைத் தூக்க முடியாது, சம்பளத்துல கை வைக்க முடியாது, கோர்ட்டு குறுக்க நிக்குது" என்றார். ஐந்து வருடம் மாதாமாதம் கோர்ட் வைத்த ஆளிடம் ஒரு தொகை கட்ட வேண்டும், அவர் எல்லோருக்கும் பிரித்துக் கொடுப்பார், பெரும்பாலான பாக்கி அத்தோடு தள்ளுபடி. இத்தனை நாளும் அப்பா வேனைத் தேவாலயத்தின் பின்பக்கம் ஒளித்து வைத்துவிட்டுத் தடி ஊன்றி நடந்து வருவார். இப்போது அது நம் பெக்கான் மரத்தடியில் பூ உதிர்ந்து மூடி நிற்கிறது, பார்த்தால் வேறு யாருடைய வாழ்க்கையோ போலிருக்கிறது. போன வாரம் தவணை கட்டாத வண்டிகளை இழுத்துப்போகும் லாரி ஒன்று தெருவுக்குள் வந்தது, உன் அப்பா கோர்ட் காகிதத்தை ஆட்டிக்கொண்டு செருப்புகூட இல்லாமல் ஓடினார். அந்த ஆள் முழுவதையும் பொறுமையாகப் படித்துவிட்டு, "நல்லா இருங்க பெரியவரே, நான் வழி தெரியாம சுத்திக்கிட்டு இருக்கேன்" என்றாராம். இரண்டு நாள் நினைத்து நினைத்துச் சிரித்தேன்.

இனி சொல்லப்போவதுதான் தொண்டையில் நிற்கிற விஷயம். கடன் கொடுத்தவர்கள் பட்டியலை எழுதும்போது வக்கீலம்மா வேறு யாருக்காவது தர வேண்டுமா என்று கேட்டார், என் மகள் ஆபரேஷனுக்கு நாலாயிரம் டாலர் கடனாகக் கொடுத்தாள் என்று நான் சொல்லிவிட்டேன். அப்பாவுக்கு வந்ததே கோபம்! "பெத்த பொண்ண அந்த வட்டிக்காரனுங்க வரிசைலயா நிறுத்தச் சொல்றீங்க? அவளுக்கு நான் முதல்ல குடுத்துட்டு வர்றேன், அப்புறம் எழுதுங்க" என்று எழுந்துவிட்டார். அதுவும் கூடாதாம். "மகளுக்கு முன்னாடி, மத்தவங்களுக்குப் பின்னாடின்னு கிடையாது சார். தெரிஞ்சே ஒரு பேர மறைச்சாலும் சத்தியம் பண்ணிப் பொய் சொன்னதாயிடும், அப்புறம் இந்தப் பாதுகாப்பே கைய விட்டுப் போயிடும்" என்றார் அந்த அம்மா. அப்பா கையெழுத்துப் போட்ட வேகத்தில் காகிதம் கிழிந்து வேறு காகிதம் எடுக்க வேண்டியதாயிற்று. கார்டுக் கம்பெனிக்குக் கீழே, சோபா கடைக்கு மேலே உன் பெயர், முழுப் பெயர், உன் விலாசம். கோர்ட்டிலிருந்து உனக்கும் ஓர் உறை வரும், இந்நேரம் வந்தேகூட இருக்கும் கண்ணு. இந்தக் கடிதம் அதை முந்திக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன், நான்தான் எழுதாமல் நாளைக் கடத்திவிட்டேன். போன இரண்டு ஞாயிறும் உன் போன் வரவில்லை. உனக்கு வேலை நேரம் மாறியிருக்கும் என்று நான் சொல்கிறேன், அப்பா நம்பவில்லை. நாமே கூப்பிடலாம் என்றால், "எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கூப்பிடுறது லவோனியா? விட்டுரு" என்கிறார். ஞாயிறு மதியம் முழுக்க போன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து எதையோ படிக்கிற மாதிரி பாவனை வேறு.

நேற்று பகலில் சற்றுக் கண்ணயர்ந்தேன், கனவு. நம் முற்றத்தில் தேவாலயத்து மடக்கு நாற்காலிகள் போட்டு, கடன் கொடுத்தவர்கள் எல்லோரும் விசிறியோடு உட்கார்ந்திருக்கிறார்கள், ஆஸ்பத்திரி, கார்டுக்காரர்கள், சோபா கடை. ஒருவருக்கும் வாய் திறக்க அனுமதி இல்லை. நான் எல்லோருக்கும் பீச் பழப் பணியாரம் வைத்துக்கொண்டே வருகிறேன், கடைசி நாற்காலியில் பள்ளிக்கூடத்துச் சிவப்புக் கோட்டோடு நீ. நீயும் வாயை மூடிக்கொண்டு என்னையே பார்க்கிறாய். உனக்கு அந்தத் தடை இல்லையடி, நீ பேசலாமடி என்று கத்துகிறேன், எனக்குச் சத்தம் வரவில்லை. எழுந்ததும் அழுதேன், முகம் கழுவினேன், பேனாவை எடுத்தேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. எந்தச் சிநேகிதிக்கும் கடன் ஜாமீன் கையெழுத்துப் போடாதே. கர்த்தர் உன் போக்கிலும் வரவிலும் துணை இருக்கட்டும். அந்தக் கோர்ட் காகிதம், கடன் கேட்டு எங்களைக் கூப்பிடக் கூடாது என்று சொல்லும். அது பணத்துக்கு. நாலாயிரத்தில் எவ்வளவு வருமோ அதற்கு நீ ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும், எங்களை இன்னொரு ஞாயிற்றுக்கிழமை காக்க வைக்காதே. கடன்காரர்கள் இல்லை, நீதான் என்று தெரிவதற்காக போனை இரண்டு தரம் மட்டும் அடிக்கவிட்டு வைத்துவிட்டு மறுபடி கூப்பிடுவாயே, அது இனி வேண்டாம். முதல் மணியிலேயே அப்பா எடுத்துவிடுவார்.

உன் அம்மா,
லவோனியா