எகின்லிக்கில் இறங்காத கோடைகள்

ஜூன் 24, திங்கள். சினார்லி

நங்கூரம் இரண்டு தரம் பிடிக்கவில்லை. மூன்றாம் தரம் பிடித்தது. அதற்குள் வெஹ்பி என்னை ஒரு முறை முறைத்தான், நான்தான் கடலடியில் போய் அதைப் பிடுங்கிவிட்டேன் என்பது போல. கல்யாணமான புதிதில் இந்த முறைப்புக்கு அழுவேன். இப்போதெல்லாம் தக்காளி நறுக்கிக்கொண்டே பார்க்கிறேன்.

இதே கடல் வளைவில்தான் எங்கள் மகள் கோன்ஜாவுக்கு மூன்று வயதானபோது அவள் இடுப்பில் ஒரு கயிறும் பாய்மரத்தில் மறு முனையுமாகக் கட்டிவிட்டோம். நாள் முழுக்க ஆட்டுக்குட்டி மாதிரி சுற்றிச் சுற்றி வந்தாள். பக்கத்துப் படகுக்காரி அதைப் பார்த்து எங்களைத் திட்டினாள். இன்று அதே கோன்ஜா காலையும் மாலையும் இஸ்மிரிலிருந்து கூப்பிட்டு, அப்பா முட்டி எப்படி இருக்கிறது, கரைக்குத் தாவவில்லையே என்று எங்களைக் கயிறு போட்டுக் கட்டுகிறாள்.

கட்டத்தான் வேண்டும். வெஹ்பியின் முட்டி போய்விட்டது, என் இடுப்பும் சரியில்லை. இந்தக் கோடையோடு எங்கள் படகு நீர்க்காகத்தை விற்றுவிடுகிறோம். ஆகஸ்டில் ஆள் வந்து பார்ப்பார். மார்ச் மாதம் சாப்பாட்டு மேசையில், குழம்பில் உப்பு குறைகிறது என்று சொல்வது போல, "படகை வித்துடலாம் துர்கான்" என்றான். நான் சரி என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதேன்.

ஆகவே இது கடைசிச் சுற்று. அவசரமே கிடையாது. ஒவ்வொரு தீவிலும் மனம் சலிக்கும் வரை இருப்பது என்று பேச்சு.

ஜூன் 25

நீந்தினேன். தூங்கினேன். தர்பூசணி தின்றேன். எழுத ஒன்றுமில்லை, அதுதான் சுகம்.

ஜூன் 27, வியாழன். அவ்ஷா

சினார்லியிலிருந்து அவ்ஷாவுக்கு வரும் வழியில் எகின்லிக் தீவு. ஒதுங்கிப் போகவே முடியாத இடத்தில் இருக்கிறது. ஆனாலும் வெஹ்பி ஒதுங்கினான். சுக்கானை முன்கூட்டியே திருப்பி, மேற்கே ஒரு பெரிய வளைவு எடுத்து, கண்ணை இயந்திரத்தின் மேலேயே வைத்திருந்தான். பதினோரு வருஷமாக இதே வளைவு. நான் மட்டும் பார்த்தேன். மசூதிக் கோபுரம், சின்னத் துறை, மேலே சைப்ரஸ் மரங்கள். அந்த மரங்களுக்கு அடியில்தான் மாமனார் ஹம்தி படுத்திருக்கிறார்.

வெஹ்பி பிறந்த ஊர் அது. அவனுடைய ஒரே தம்பி நஸ்மி இன்னும் அங்கேதான் இருக்கிறான்.

யார் மேல் தப்பு என்று எனக்கு இன்று வரை தெரியவில்லை. அது ஒரு பிப்ரவரி. மாமனார் இறந்த செய்தி வந்ததும் இஸ்தான்புலிலிருந்து விழுந்தடித்து ஓடினோம். எர்தெக் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தால் லோதோஸ் அடிக்கிறது, தெற்கிலிருந்து வரும் அந்தப் பிசாசுக் காற்று. தீவுகளுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஃபெரிகள் எல்லாம் நிறுத்தம். வெஹ்பி ஆயுசு முழுக்க ஃபெரியின் இயந்திர அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், அவனுக்கு ஒரு ஃபெரி ஓடவில்லை. மீன்பிடிப் படகுக்காரர்கள் ஒவ்வொருவரிடமும் கெஞ்சினான். யாரும் கயிற்றை அவிழ்க்கவில்லை. மறுநாள் மதியம் நஸ்மி தொலைபேசியில் சொன்னான், தொழுகை முடிந்தது, அடக்கம் செய்தாயிற்று, இதற்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள் என்று.

காற்று அடங்கிப் போய் இறங்கினோம். வெஹ்பி வீட்டுக்கும் போகவில்லை, கல்லறைக்கும் போகவில்லை. துறையில் இருந்த டீக்கடையில் அத்தனை பேர் முன்னால் தம்பியைப் பார்த்து, "என் அப்பா முகத்தைக்கூட எனக்குக் காட்டாதவன் நீ. நீ இருக்கிற மண்ணுல இனி நான் கால் வைக்க மாட்டேன்" என்றான். வந்த ஃபெரியிலேயே திரும்பினோம்.

அடுத்த பெருநாளுக்கு நஸ்மி வந்தான். எங்கள் வழக்கப்படி இளையவன்தான் மூத்தவன் வீடு தேடி வந்து கையை முத்தமிட வேண்டும், எந்தச் சண்டையும் அன்றோடு தீர வேண்டும். இஸ்தான்புல் வரை வந்து, எங்கள் கூடத்தில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வெஹ்பி படுக்கையறையை விட்டு வெளியே வரவில்லை. நான் கொடுத்த காபியைக் குடிக்காமல் நஸ்மி எழுந்து போனான். அதோடு சரி. இளையவன் ஒரு தரம் வந்தாயிற்று. மூத்தவன் தேடிப் போக வழக்கமில்லை. எல்லாக் கதவும் அடைபட்டது.

ஜூன் 28

தூக்கம் வரவில்லை, பழசெல்லாம் வருகிறது.

அந்த நாளில் ஒவ்வொரு கோடையும் எகின்லிக்கில்தான் முடியும். மாமனார் துறையில் நின்றுகொண்டு, நாங்கள் கட்ட வரும் விதம் தப்பு என்று ஊருக்கே கேட்கக் கத்துவார். நஸ்மி ஓடிவந்து கயிற்றைப் பிடிப்பான். நானும் அவன் பெண்டாட்டி ஹாஜெரும் துறைப் படியில் கால்களைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு, இரண்டு சகோதரர்களையும் வைத்துச் சிரிக்காத சிரிப்பு இல்லை. எனக்கு அவளைப் போல ஒரு சிநேகிதி பிறகு வாய்க்கவே இல்லை. இந்தச் சண்டையில் நான் என்ன இழந்தேன் என்று வெஹ்பி ஒருநாளாவது கேட்டானா?

காலையில் கேட்டுவிட்டேன். படகை விற்ற பிறகு நீ ஃபெரி ஏறி அந்தத் தீவுக்குப் போகவா போகிறாய், போனால் இப்போது போக வேண்டும், இல்லையென்றால் இல்லை என்றேன்.

"மூத்தவன் நான் போய் வாசல்ல நிக்கணுமா?" என்றான்.

நில்லேன், முட்டிதானே வலிக்கும் என்றேன். மதியம் வரை பேச்சில்லை. ஒன்பது மீட்டர் படகில் இருவர் பேசாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று படகில் வாழ்ந்தவர்களுக்குத்தான் தெரியும். ஒவ்வொரு தரமும் உரசிக்கொண்டுதான் தாண்ட வேண்டும்.

ஜூன் 30, ஞாயிறு. இன்னும் அவ்ஷா

இன்று ஒன்று நடந்தது.

காலையில் ஒரு மீன்பிடிப் படகு பக்கத்தில் வந்து நின்றது. அதிலிருந்தவர், "கேப்டன், எகின்லிக்லேருந்து குடுத்தனுப்பினாங்க" என்று துணி போட்டுக் கட்டிய ஒரு தட்டை என் கையில் கொடுத்துவிட்டு, நான் நன்றி சொல்வதற்குள் போய்விட்டார். அவிழ்த்தால் திராட்சை இலையில் சுருட்டிய சோற்றுருண்டைகள். சுண்டுவிரல் பருமன், ஒன்றுபோல. ஹாஜெர் கைதான். வேறு யாருக்கும் அவ்வளவு பொறுமை கிடையாது. நாங்கள் ஒதுங்கிப் போனதைத் துறையிலிருந்து பார்த்திருக்கிறாள்.

வெஹ்பி அந்தப் பக்கம் திரும்பவில்லை. பசியில்லை என்றான். நான் கரைக்குப் போய் ரொட்டி வாங்கிக்கொண்டு திரும்பினால் ஒரு வரிசை காலி. எலுமிச்சை பிழிந்த கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு, வெயில் அதிகம் என்றான். ஆமாம், அதிகம் என்றேன்.

ஜூலை 1, திங்கள்

தட்டு காலி. கழுவித் துடைத்து அலமாரியில் வைத்திருக்கிறேன். இருவரும் அதையே பார்க்கிறோம்.

யார் வீட்டுத் தட்டும் வெறுமையாகத் திரும்பக் கூடாது. இஸ்தான்புலில் எங்கள் மாடிப்படியில் தட்டுகள் ஏறி இறங்கிக்கொண்டேதான் இருக்கும். எதிர்வீட்டுக்காரியோடு எனக்குப் பேச்சே இல்லாத நாட்களில்கூட அவள் தட்டில் நான்கு ஆப்பிளாவது வைத்துத்தான் கொடுப்பேன். இது வெஹ்பிக்கும் தெரியும். அவன் அம்மா வளர்த்த வளர்ப்பு.

மாலையில் அவனே ஆரம்பித்தான். அந்த மீன்காரர் வந்தால் கொடுத்துவிடலாம், உள்ளே ஏதாவது வைத்து. என்ன வைக்க என்றேன். ஒரு டப்பா பிஸ்கட் வைக்கலாம் என்றான்.

"கடை பிஸ்கட்டா? ஹாஜெர் அத்தனையும் கையால சுருட்டியிருக்கா. உங்கம்மா இருந்தா உன்னைச் செருப்பால அடிச்சிருப்பாங்க."

எழுந்து போய்ப் படகின் முனையில் உட்கார்ந்தான். சத்தியமாகக் கோபித்துக்கொண்டான் என்றுதான் நினைத்தேன்.

ஜூலை 2, செவ்வாய்

விடிந்ததும் படகில் ஆள் இல்லை. பார்த்தால் பாறையோரம் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு மட்டிச் சிப்பி பறிக்கிறான். அந்த முட்டியோடு! ஒரு வாளி நிறையக் கொண்டுவந்து கொட்டி, ஒவ்வொன்றாகச் சுரண்டிக் கழுவித் திறந்தான். அரிசி, வெங்காயம், உலர்திராட்சை, மிளகு, கொஞ்சம் பட்டை. எதையும் என்னைத் தொட விடவில்லை. மட்டிக்குள் சோறு அடைப்பது அவன் கைவேலை, கல்யாணமான முதல் கோடையில் எனக்கு முதல் முதலாகச் சமைத்துப் போட்டதும் அதுதான். அன்று உப்பே போடவில்லை. நான் அத்தனையும் தின்றேன்.

வெந்து இறக்கியதும் தட்டில் அடுக்கினான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஜூலை வெயில். மட்டி மதியம் தாண்டினால் கெட்டுவிடும். மீன்காரர் எப்போது வருவார் என்று காத்திருக்க முடியாது, யாரிடமும் கொடுத்தனுப்பவும் முடியாது. செய்வதற்கு எத்தனையோ இருக்க, இந்த மனுஷன் ஒருநாள் தாங்காத ஒன்றைத் தேடிப் பிடித்துச் செய்திருக்கிறான்.

"சீக்கிரம் போகணும், கெட்டுடும்" என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

ஆமாம், கெட்டுவிடும் என்றேன். நங்கூரத்தை நானே இழுத்தேன்.

அதே நாள், எகின்லிக்

மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

துறையில் ஹாஜெர்தான் நின்றாள். எங்கள் பாயைத் தூரத்திலேயே தெரிந்துகொண்டிருக்கிறாள். கயிற்றைப் பிடித்தாள், கட்டினாள், பிறகு என்னைக் கட்டிக்கொண்டாள். எவ்வளவு இளைத்துவிட்டாள்! இருவரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றோம்.

வெஹ்பி தட்டோடு படகிலேயே நின்றான். "தட்டைக் குடுக்கத்தான் வந்தோம்" என்றான்.

வாங்கிக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "தட்டு வீட்டுது. வீட்டுல கொண்டுவந்து வைங்க அத்தான்" என்றாள். அவள் எப்போதும் இப்படித்தான், ஊசி மாதிரி.

அவன் இறங்கினான். என் தோளைப் பிடித்துக்கொண்டு, முதலில் நல்ல காலை வைத்து. சந்தில் ஏறிப் போனோம். டீக்கடையில் இருந்தவர்கள் எல்லோரும் திடீரென்று சீட்டாட்டத்தில் மூழ்கிப்போனார்கள். நஸ்மி வீட்டு வாசலில் வலை தைத்துக்கொண்டிருந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது. அண்ணனைப் பார்த்தான், தட்டைப் பார்த்தான், எழுந்தான். தட்டு அனுப்பியதே அவனுக்குத் தெரியாது, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

யார் முதலில் பேசுவது? கடைசியில் நஸ்மி தட்டை வாங்கி ஹாஜெரிடம் கொடுத்துவிட்டு, "அப்பாவைப் பார்க்கணுமா?" என்று மட்டும் கேட்டான்.

மேட்டில் ஏறினோம். சைப்ரஸ் மரத்தடியில் எல்லாக் கல்லறையிலும் வெள்ளைப் பளிங்கு. ஏன் இருக்காது, எதிர்த் தீவில் மலையையே பளிங்காகத்தானே வெட்டுகிறார்கள். இங்கே ஏழைக்கும் பளிங்குதான். மாமனார் தலைமாட்டில் மட்டும் ஒரு மரப்பலகை. அடக்கம் செய்த அன்று தற்காலிகமாக நடுவார்களே, அந்தப் பலகை. புதிதாகச் சாயம் பூசிப் பேரை எழுதியிருந்தது.

வெஹ்பிக்கு முகம் சிவந்தது. எனக்கும் சுரீரென்றது, பொய் சொல்வானேன். "ஒரு கல்லு வைக்க முடியலையாடா உனக்கு? பதினோரு வருஷமா?" என்றான் வெஹ்பி.

நஸ்மி குனிந்து ஒரு புல்லைப் பிடுங்கினான். "வருஷா வருஷம் சாயம் அடிக்கிறேன் அண்ணே. ஊர்ல கேக்காத கேள்வி இல்ல, கஞ்சன்னு சொன்னாங்க, சொல்லிட்டுப் போறாங்க. கல்லை மூத்த பிள்ளைதான் வைக்கணும். அன்னிக்கு என்னால உனக்காகக் காத்திருக்க முடியல. இதுக்காவது காத்திருக்கலாம்னு இருந்தேன்."

வெஹ்பி அப்படியே உட்கார்ந்துவிட்டான். முட்டியை நினைக்கவில்லை. அழுதான், நான் பார்த்திராத அழுகை. நஸ்மி பக்கத்தில் உட்கார்ந்து அவன் கையை எடுத்து முத்தமிட்டு நெற்றியில் வைத்துக்கொண்டான். வெஹ்பி அந்தக் கையை விடவே இல்லை. நான் இரண்டு கல்லறை தள்ளிப் போய் நின்றுகொண்டேன். கடவுளே, எத்தனை வருஷம் வீணாப்போச்சு, எத்தனை வருஷம்... ஒரு தட்டு வர இவ்வளவு நாளா?

ஜூலை 4

மட்டியில் இம்முறை உப்பு அதிகமாம். ஹாஜெர் சொன்னாள். ஒன்றுகூட மிச்சமில்லை.

ஜூலை 12, வெள்ளி. எகின்லிக்

கல் வந்துவிட்டது. எதிர்த் தீவில் பளிங்கு வெட்டும் சராய்லாரில் வாங்கி, நீர்க்காகத்திலேயே ஏற்றிக்கொண்டுவந்தோம். முன்பக்கம் வைத்தால்தான் சமமாக நிற்கும் என்று நஸ்மி, நடுவில்தான் என்று வெஹ்பி. வழி முழுக்க அதே சண்டை. "அக்கா, இவங்க பேசாம இருந்தப்பவே நிம்மதியா இருந்துச்சு" என்றாள் ஹாஜெர். சிரித்துச் சிரித்து எனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது.

மேட்டில் கல்லை நட்டுக்கொண்டிருந்தபோது படகு வாங்குகிறவர் கூப்பிட்டார். ஆகஸ்ட் முதல் வாரம் வரலாமா என்று கேட்டார். எனக்குத் திக்கென்றது. வெஹ்பி தாராளமாக வரச் சொன்னான். போனை வைத்ததும், படகு போன பிறகு என்ன செய்வோம் என்று மெல்லக் கேட்டேன்.

"ஃபெரில வருவோம்."

"லோதோஸ் அடிச்சா?"

"அடிச்சா அடிக்கட்டும். நஸ்மி காத்திருப்பான்."

நஸ்மி காதில் விழாதது போல சிமெண்டைக் குழைத்துக்கொண்டிருந்தான்.