இனியாவின் அறைக்கு எந்தப் பக்கம் ஜன்னல்

அன்பு மகள் இனியாவுக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம், மாடிப்படி ஏறினால் அப்பாவுக்கு முழங்கால் வலி, அவ்வளவுதான். நீயும் பிரான்சில் அந்த லியோன் குளிரில் நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வீராம்பட்டினத்து அம்மனை வேண்டிக்கொள்கிறேன். போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே நின்று காது கொடுப்பார், அதனால்தான் கடிதம்.

நம் ஆபீஸுக்கு முப்பது வருஷம் ஆகிறதென்று, அப்பாவிடம் வேலைக்கு வந்து இப்போது பங்குதாரராகவே ஆகிவிட்ட இளஞ்செழியன் நம் கட்டடங்களின் போட்டோக்களைச் சுவர் முழுக்க மாட்டியிருக்கிறான். உப்பளம் பக்கம் ஒரு மாடி அறையில் அப்பா கட்டட பிளான் வரைய, நான் வருகிறவர்களுக்கு டீ போட ஆரம்பித்தது. முதல் வேலை வீராம்பட்டினத்தில் வலை பின்னும் கூடம், இன்றைக்கும் மதியத்தில் ஊரே அங்கேதான் படுத்திருக்கிறது. அப்புறம் பள்ளிக்கூடம், அதற்கப்புறம் வீடு வீடாக வந்தது. அப்பாவின் வழக்கம்தான் உனக்குத் தெரியுமே, பிளானில் ஒவ்வொரு அறையையும் தொட்டு, இதுல யாரு படுக்கப் போறாங்க என்று கேட்பார். பிரான்சிலிருந்து பையன் வந்தால் படுப்பான் என்றால் பென்சிலைக் கீழே வைத்துவிடுவார், இந்த ஊரில் பிள்ளைக்காகப் பூட்டிக் கிடக்கிற அறைகள் போதும் என்பார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்து வந்த சொல்தா ஒருவர் இதற்காகவே சண்டை போட்டுப் பிளானைச் சுருட்டிக்கொண்டு போனார்.

இப்போது மூலக்குளத்தில் நம் சொந்த வீடு கட்டப் போகிறோம். பிளானை அப்பா என்னிடம்கூடக் காட்டாமல் வரைந்தார். இளஞ்செழியன் அதை எல்லோர் முன்னாலும் விரித்து, கிழக்கு அறையில் விரலை வைத்து, சார், இதுல யாரு படுக்கப் போறாங்க என்று அப்பாவின் குரலிலேயே கேட்டான். ஆபீஸே சிரித்தது. அப்பா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, காத்து வரட்டும்னு போட்டேன் என்றார். காற்றுக்கு எதற்குத் துணி அலமாரியும் படிக்கிற மேஜையும் என்று நான் கேட்கவில்லை. மறுநாள் பார்த்தால் அந்த அறையையே எடுத்துவிட்டார், ஊருக்குச் சொன்னதுதான் நமக்கும் என்கிறார். முகம் மட்டும் வாடிப்போயிருந்தது. எனக்கும் தாங்கவில்லை இனியா. மதியத்துல படுக்க எனக்கு ஒரு ரூம் வேணும், போடுங்க என்றேன். உடனே அதே இடத்தில், அலமாரி மேஜையோடு போட்டுவிட்டார்.

வேலையை விட்டுவிட்டு வா என்று நாங்கள் கேட்கவில்லை. ஆசை இருக்கிறது, அதை மறைக்கவும் மாட்டேன். மதியம் மட்டும் நான் படுத்துக்கொள்கிறேன், அறை பூட்டிக் கிடக்காது.

உடம்பைப் பார்த்துக்கொள், தலைக்கு எண்ணெய் வை, எல்லா நலமும் பெற்று நீ நன்றாக இருக்க வேண்டும். பூமி பூஜைக்குள் ஒரு பதில் மட்டும் மறக்காமல் சொல். என் அறைக்கு ஜன்னல் கடல் பக்கமா தெருப் பக்கமா என்று அப்பாவைக் கேட்டேன். படுக்கப் போறவளக் கேட்டுச் சொல்லு என்று சொல்லிவிட்டு வரையப் போய்விட்டார். அதனால்தான் உன்னைக் கேட்கிறேன்.

உன் அம்மா,
செந்தமிழ்ச்செல்வி