பூசையில் தூங்கியவள்

மதினி,

இன்று காலை மாதா கோயில் வாசலில் ஒரு மண்பானை வைத்திருந்தார்கள். வெயில் காலம், நடந்து வருகிறவர்கள் குடிக்கட்டும் என்று புதுச் சுவாமியார் செய்த ஏற்பாடு. நன்னாரி வேர் போட்ட வாசனை படியேறும்போதே வந்தது. பூசைக்கு முன்னாலேயே ஆளாளுக்கு ஒரு செம்பு மொண்டு, மடக் மடக்கென்று குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் நன்மை அப்பமும் நாக்கில் வாங்கினார்கள். தண்ணீர் குடித்தால் உபவாசம் முறியாது என்று சட்டம் மாறி வருஷக்கணக்காகிறது, எனக்கும் தெரியும். இருந்தும் அந்தச் சத்தம் கேட்டதும் எனக்கு வந்த கோபத்தை என்ன சொல்ல! இதை அப்போதே மாற்றித் தொலைத்திருக்கக் கூடாதா என்று உங்களிடம்தான் வாய்விட்டுக் கேட்டேன். பக்கத்தில் நின்றவள் என்னை ஒருமாதிரி பார்த்தாள். தபால் போகிற ஊரிலா இருக்கிறீர்கள் நீங்கள்? ஆனாலும் வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ராஜாவின் சமஸ்தானம் போய், நம்மைத் திருச்சி ஜில்லாவோடு சேர்த்த மறுவருஷம் அது. பேய் மாதிரி அலைந்துகொண்டிருந்தேன் நான். பல் முளைக்கிற வயசில் என் பிள்ளை காய்ச்சலில் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. நான் நம் ஊர் உபதேசியார் பெண்டாட்டி. ஊருக்கெல்லாம் செபம் சொல்லிக்கொடுக்கிறவர் வீட்டுக்குள் எனக்கு ஒரு செபம் வாயில் வரவில்லை. தூக்கமும் இல்லை. ஆவூர் மாதாவிடம் நடந்தே போனேன். வேளாங்கண்ணிக்குப் போய் முடி கொடுத்தேன். வெள்ளிக்கிழமை தவறாமல் ஒருவேளைச் சோறோடு ஒருசந்தி இருந்தேன், முழங்காலால் கோயிலைச் சுற்றினேன். போன இடமெல்லாம் அழுகை வந்தது, ஆறுதல் வரவில்லை.

நீங்கள் எனக்கு முறைக்கு மதினி, வீட்டுக்குப் பக்கத்து வீடு. என் முழங்காலில் மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டே ஒருநாள் சொன்னீர்கள்: “ஏ புள்ளே, நீ இங்கிட்டும் அங்கிட்டும் ஓடிக்கிட்டே இருந்தா, ஆண்டவரு ஒன்ன எங்க வந்துதான் புடிப்பாரு?”

“எம் புள்ளயப் புடிச்சாருல்ல, அது மாதிரி வந்து புடிக்கட்டும்” என்றேன். நீங்கள் பற்றை இன்னும் கொஞ்சம் அழுத்தித் தடவினீர்கள். வலித்தது.

நம் ஊருக்குச் சுவாமியார் மாதம் ஒருதரம்தான் வருவார். விராலிமலை ரோட்டிலிருந்து மணலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாயங்காலம் வந்து சேருவார், அவரவர் பாவத்தைச் சொல்ல, பாவசங்கீர்த்தனம் கேட்பார், மறுநாள் விடிகிற நேரத்தில் பூசை வைப்பார். பிள்ளை போனதிலிருந்து நான் பாவசங்கீர்த்தனமும் செய்யவில்லை, நன்மையும் வாங்கவில்லை. ஆண்டவரோடு பேச்சுவார்த்தை இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த மாதம்தான் மனசு ஒருவழியாக இறங்கி, சுவாமியாரிடம் போய் முழங்காலில் நின்று எல்லாவற்றையும் கொட்டினேன். காலையில் நன்மை வாங்கிவிட்டால் இந்த நெஞ்செரிச்சல் அடங்கிவிடும், அதிலும் அடங்காவிட்டால் எனக்கு வேறு போக்கிடம் இல்லை என்று இருந்தேன்.

அன்றைய சட்டம் உங்களுக்குத் தெரியாததா? நடுராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படக்கூடாது. பட்டால் அன்றைக்கு நன்மை கிடையாது. சுவாமியாருக்கும் அதே உபவாசம்தான், பூசை முடிந்துதான் பசியாறுவார். அவருக்குச் சமைப்பது உபதேசியார் பெண்டாட்டி வேலை. கோழி கூவ எழுந்து இட்லி ஊற்றிவைத்துவிட்டுக் கோழிக்குழம்பைக் கூட்டினேன். கொதி வந்தது. கரண்டியால் ஒரு சொட்டு எடுத்து, உள்ளங்கையில் விட்டு, நக்கிப் பார்த்தேன். உப்புச் சரியாக இருந்தது.

விழுங்கிய பிறகுதான் நினைவு வந்தது. சமைக்கிறவள் கை, மதினி. கல்யாணம் ஆன நாளாக உப்புப் பார்க்காமல் ஒரு குழம்பை இறக்கியதில்லை.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை, சட்டக்காரர். “துப்பியிருக்கக் கூடாதா?” என்றார். கொஞ்சம் யோசித்து, “சரி, அடுத்த மாசம் பாத்துக்கலாம்” என்றார். வண்டியைத் தவறவிட்டவளுக்குச் சொல்கிற மாதிரி சொல்லிவிட்டுப் பூசைச் சாமான்களைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

நான் கோயிலுக்கே போவதில்லை என்று கொல்லையில் துவைகல் மேல் உட்கார்ந்துவிட்டேன். பிள்ளையையும் எடுத்துக்கொண்டு, ஒரு வருஷம் கழித்து வந்தவளையும் வாசலிலேயே நிறுத்துகிற ஆண்டவர் என்ன ஆண்டவர்! நிறுத்தியதும் பெரிய பாவத்துக்காகவா? ஒரு சொட்டுக் குழம்புக்கு. மயில்கள் வேறு அந்நேரத்துக்கு அகவித் தொலைத்தன. மானங்கெட்ட அழுகை அழுதேன்.

அப்போதுதான் நீங்கள் சுவாமியாருக்குப் பால் கொண்டுவந்தீர்கள். வெள்ளைச் சேலை, தலையில் முக்காடு, கையில் செபமாலை. நடந்ததைச் சொன்னேன். ஐயோ பாவம் என்றோ, எல்லாம் ஆண்டவர் சித்தம் என்றோ நீங்கள் சொல்லியிருந்தால் அந்தப் பால் செம்பைப் பிடுங்கி எறிந்திருப்பேன். நீங்கள் அதைத் திண்டில் வைத்தீர்கள். கிணற்றடி வாளியில் இருந்த தண்ணீரைக் கையால் அள்ளி ஒரு வாய் குடித்தீர்கள். பிறகு இன்னொரு வாய்.

“மதினி, என்ன காரியம் செஞ்சுட்டீக?”

“தாகமா இருந்துச்சு. எந்திரி. ரெண்டு பேரும் பின்னாடி ஒக்காருவோம்.”

நன்மை வாங்காதவர்கள் உட்காருகிற கடைசிச் சுவரோரத்தில், கதவுப் பக்கம் உட்கார்ந்தோம். உங்களைப் பார்த்து நாலு பேர் திரும்பினார்கள். ஏன் என்று எனக்குப் புரியவில்லை. சுவாமியார் பூசை தொடங்குமுன் இன்றைக்கு இன்னார் ஆத்துமத்துக்காக ஒப்புக்கொடுக்கிறோம் என்று சொல்வாரே, சொன்னார். உங்கள் வீட்டுக்காரர் பெயர். அவர் கண் மூடிய நாள் அது. வருஷத்துக்கு ஒரு பூசை, அதில் பெண்டாட்டி நன்மை வாங்கி அவருக்காக ஒப்புக்கொடுப்பதற்குத்தான் நீங்கள் வெள்ளைச் சேலையில் வந்திருந்தீர்கள். என் துக்கத்தில் எனக்கு அது மறந்தே போயிருந்தது. திரும்பி உங்கள் முகத்தைப் பார்த்தேன். நீங்கள் பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

அதற்குப் பிறகு நடந்தது எனக்குப் பாதிதான் தெரியும். சுவாமியார் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு இலத்தீனில் முணுமுணுத்தார். குளத்து அலை கரையில் தட்டுகிற மாதிரி அது வந்து வந்து போனது. சாம்பிராணிப் புகைக்குள் ஜன்னல் வெளிச்சம் சாய்ந்து விழுந்தது. உங்கள் தோளில் சலவைக் கஞ்சியும் மாட்டுப் பாலும் கலந்த வாசனை. மடியில் பிள்ளை கனக்கிற மாதிரி இருந்தது. தொட்டால் இல்லை, தொடாமல் இருந்தால் இருந்தது. தொடாமலே இருந்தேன். யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை, நானும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. ஒரு வருஷமாகத் தேடித் தேடி அலுத்த கால்கள் தாமாக மடங்கின. ஆண்டவர் மேல் கோபம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன், காணவில்லை. பீடத்து மணிகூட எனக்குக் கேட்கவில்லை, மதினி. பூசை முடிகிறவரை உங்கள் தோளில் தூங்கிப்போனேன்.

விழித்தபோது கோயில் காலியாக இருந்தது. என் வீட்டுக்காரர் எதிரில் நின்று பொருமிக்கொண்டிருந்தார். “உபதேசியார் பொண்டாட்டியே பூசையில தூங்குனா ஊரு என்ன பேசும்?”

நீங்கள் அசையாமல் சொன்னீர்கள்: “ஆண்டவரு படகுல தூங்கலையா தம்பி? அதுவும் புயல்ல. போங்க, சுவாமியாருக்கு இட்லி வைங்க.”

அடுத்த மாதம் நன்மை வாங்கினேன். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை வாங்கிவிட்டேன். பிள்ளையை நினைத்தால் இன்றைக்கும் அழுகை வரும், ஆனால் அதை எடுத்துக்கொண்டு போக எனக்கு ஓர் இடம் இருக்கிறது. அது அன்றைக்குக் கிடைத்ததுதான்.

போன ஐப்பசியில் நீங்கள் கடைசியாகப் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, கஞ்சி புகட்டிக்கொண்டே கேட்டேன். இத்தனை வருஷம் கேட்க வாய் வராத கேள்வி. “அண்ணன் பூசையன்னிக்கு அப்படிச் செஞ்சீகளே மதினி, அவ்வளவு தைரியம் எப்படி வந்துச்சு?”

நீங்கள் வாயில் இருந்த கஞ்சியை விழுங்கிக்கொண்டீர்கள். “தைரியமா? அடிப்போடி. அவரு ஆத்துமத்துக்குத் துரோகம் பண்ணிட்டேனோன்னு பயமாத்தான் இருந்துச்சு. நீ தோள்ல சாஞ்சு தூங்குற, நான் உள்ளுக்குள்ள வெடவெடன்னு நடுங்குறேன். ஆண்டவரே, இவள இங்கிட்டு ஒக்காத்தி வச்சுட்டேன், இனி நீரு பாத்துக்கும்னு மட்டும் சொன்னேன். வேறென்ன தெரியும் எனக்கு?”

நான் கஞ்சிக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். இத்தனை நாளும் அதைக் கல்போன்ற விசுவாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் இளைப்பாறியது நடுங்குகிற தோளில் என்று எனக்குத் தெரியவே தெரியாது.

இப்போது பூசை தமிழில் நடக்கிறது, சுவாமியார் நம்மைப் பார்த்து நிற்கிறார். எல்லாம் புரிகிறது. ஆனாலும் கடைசிச் சுவரோரத்தில் யாராவது ஒருத்தி நன்மைக்கு எழுந்து போகாமல் முக்காட்டை இழுத்துவிட்டு உட்கார்ந்துதான் இருக்கிறாள். போன வாரமும் ஒருத்தி இருந்தாள். அவளிடம் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியாது. பேசினால் அடிக்கவும் வருவாள், அன்றைக்கு நான் இருந்த இருப்பு அப்படி. கிட்டே போகும்போது எனக்கும் உள்ளுக்குள் பயமாகத்தான் இருக்கிறது, மதினி. போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.