திரும்பி வந்த பால்சுறா

அன்பு மகன் செந்தமிழனுக்கு, காவாந்தண்டலத்தில் இருந்து அம்மா எழுதுவது. நானும் உன் நைனாவும் நன்றாக இருக்கிறோம். மருமகள் சுகிர்தாவும் பச்சைக்குழந்தையும் நல்லபடியாக இருக்கிறார்களா என்று கேட்கிறேன். உன் சுகத்தை விசாரிக்க இன்றைக்கு எனக்கு மனசு வரவில்லை. போனில் பேசினால் நான் கத்துவேன், நீ சிக்னல் இல்லை என்று வைத்துவிடுவாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், முழுசாகப் படி.

சுகிர்தா தாயில்லாப் பெண், பிள்ளை பெற்ற உடம்பு, பால் பத்தவில்லை அத்தை என்று என்னிடம்தான் அழுதாள். நம் பக்கத்தில் பிள்ளை பெற்றவளுக்கு வேறு என்ன கொடுப்போம், பால்சுறாக் கருவாடுதானே, அதில் ஊறின பாலைக் குடித்து வளர்ந்தவன்தான் நீயும். மீன் விற்கிற மேரியிடம் சொல்லிவைத்து, சதுரங்கப்பட்டினத்தில் இருந்து வரவழைத்து, மறுபடியும் வெயிலில் காயப்போட்டு, காக்கா வராமல் காவல் இருந்து, கவர்மேல் கவர் சுற்றி உத்திரமேரூர் கூரியரில் புனேவுக்குப் போட்டேன். போன வாரம் அது அப்படியே திரும்பி வந்தது. கூரியர்காரர்கள்தான் சோம்பேறித்தனம் பண்ணிவிட்டார்கள் என்று பஸ் ஏறிப் போய், அங்கே வேலை செய்கிற கல்பனாவைப் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டேன். பாவம் அந்தப் பெண், பொறுத்துப் பார்த்துவிட்டு, இன்னாத்துக்குமா என்னாண்ட கத்திக்கினு கீற, உன் புள்ளதான் இது எங்களுது இல்லன்னு திருப்பி அனுப்பிக்கிறாரு என்றது. என் பிள்ளை அப்படிச் சொல்லவே மாட்டான் என்று நாலு பேர் எதிரில் அடித்துப் பேசிவிட்டு வந்தேன். அப்புறம் சுகிர்தாவைக் கேட்டேன். அவள் மென்று முழுங்கினாள், நான் விடவில்லை.

கேட்டில் வாட்ச்மேன் நாத்தம் அடிக்கிறது என்று ஹவுஸ் ஓனரம்மாவைக் கூப்பிட்டானாம், அந்தம்மா உன்னைக் கேட்டாளாம், நீ அட்ரஸ் மாறி வந்திருக்கும் மேடம் என்றாயாம். வீடு பிடிக்கும்போதே நாங்கள் சுத்த சைவம், ஊரில் எங்களுக்கு நிலபுலன் இருக்கிறது என்று சொல்லித்தான் சாவி வாங்கினாயாம். யாருடைய நிலம்டா அது? உன் நைனா இன்றைக்கும் அடுத்தவன் நிலத்தில் வரப்பு வெட்டிவிட்டுத்தான் வந்து படுத்திருக்கிறார். வீடியோவில் காட்டினாயே, கீழே ஆற்றுப் பள்ளத்தாக்கு, ஒரே மரம், மயில் வருகிறது, வண்டிச் சத்தமே கிடையாது, பெரிய பெரிய ஆட்கள்தான் குடியிருக்கிறார்கள் என்று. நானும் தெருவெல்லாம் பெருமை பீற்றிக்கொண்டேன். அவ்வளவு அழகான இடத்தில், பெற்றவள் தன் பிள்ளைக்குப் பால் ஊற ஒரு துண்டு கருவாடு தின்னக் கூடாது, தூ! அத்தனை பெரிய புனேயில் மீன் வறுக்கலாம் என்று விடுகிற வீடு ஒன்றுகூடவா உனக்குக் கிடைக்கவில்லை? நான் வருகிறேன் வருகிறேன் என்றபோதெல்லாம் இப்ப வேணாம்மா, குளிரு, உனக்கு ஒத்துக்காது என்றாய். குளிரா அது? கருவாடு மட்டும் இல்லை, நானும் அந்தக் கேட்டுக்குள் வரக்கூடாது, அதுதானே சங்கதி.

உன் நைனாவிடம் சொன்னேன். நல்ல வூடு, காத்தோட்டமா கீது, நம்மால அவனுக்கு இன்னாத்துக்கு பேஜாரு, வுடு அம்முலு என்றார். அதைக் கேட்டுத்தான் எனக்கு வயிறு இன்னும் எரிகிறது. அவர் விடட்டும், நான் விடமாட்டேன்.

பக்கத்து வீட்டுப் பிரபா டிக்கெட் போட்டுக் கொடுத்துவிட்டாள், வருகிற வெள்ளிக்கிழமை ரயில் ஏறுகிறேன். அதே பார்சலைத்தான் எடுத்து வருகிறேன். நீ ஸ்டேஷனுக்கு வரவேண்டாம், அட்ரஸ் அதன் மேலேயே இருக்கிறது. அதுவரைக்கும் சுகிர்தாவைப் பச்சைத் தண்ணீரில் கை வைக்க விடாதே, குழந்தையின் காதில் காற்றுப் போகாமல் துணி கட்டு. அவர்கள் இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நல்லா இருக்கணும், நீயும்தான், உன்னைச் சபிக்க எனக்கு நாக்கு வராது. கேட்டில் நின்று என் பெயரைச் சொல்வேன். வாட்ச்மேன் உனக்குப் போன் போட்டு, இந்தம்மா யார், உங்கள் வீட்டு ஆள்தானா என்று கேட்பான். நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டுக்கொண்டு அங்கேயே நிற்பேன்.

உன்னைப் பெற்றவள்,
மு. அம்முலு