ஷெல் வேனின் நடு இருக்கை

அண்ணே,

நேற்று மகனோடு பதுளைக்கு வேன் பார்க்கப் போயிருந்தேன். டொல்பின் வேனுக்கு அடுத்து வந்த மாடல். விற்பவர் முன்கதவைத் திறந்து, "உக்காந்து பாருங்கம்மா, அடியில எஞ்சின் ஓடுறதே தெரியாது" என்றார். உண்மைதான், சூடே இல்லை. நான்தான் எழுந்திருக்க மனமில்லாமல் உங்களை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தெமோதரைப் பக்கத்துத் தோட்டத்தில் நான் மருத்துவிச்சியாக இருந்த தொண்ணூறுகளில், உங்கள் வாடகை வேனில் எஞ்சினுக்கு மேலேயே இருந்த முன்பக்க நடு இருக்கை ஓர் அடுப்பு. ஜப்பானில் ஓடிக் களைத்துக் கப்பலில் வந்த வேன்களுக்கு நம் ஆட்களே பெயர் வைத்தார்கள். முதலில் ஷெல். பிறகு உருண்ட மூக்கோடு டொல்பின். அது வந்ததும் கலியாண வீட்டுக்காரர்கள் உங்கள் ஷெல்லைத் திரும்பியும் பார்க்கவில்லை. நான் மட்டும் சும்மா இருந்தேனா? "அண்ணே, ஒங்க வேன்ல ரொட்டி சுடலாம்" என்று எல்லோர் முன்னாலும் கேலி செய்தேன். "சுட்டா எனக்கும் ஒண்ணு குடுங்க மிஸ்ஸி" என்று சிரித்தீர்கள். உள்ளுக்குள் வலித்திருக்கும்.

கடைசியில் வெலிமடை மரக்கறி வியாபாரி ஒருவர் ஷெல்லை வாங்கச் சம்மதித்தார். சூடு மேலே வரக்கூடாது என்பதுதான் அவருடைய ஒரே நிபந்தனை. நீங்கள் எஞ்சின் மூடிமேல் தடித்த ஸ்பொஞ்சு வைத்து, ரெக்சின் தைத்து, அந்த இருக்கையைப் புதுப்பெண்ணாக்கினீர்கள். ஷெல் விற்றால்தான் நீங்கள் பேசிவைத்திருந்த டொல்பின் உங்கள் கைக்கு வரும்.

அவர் பதுளைக்கு வரச்சொன்ன அதே காலையில், மேல் லயத்து வீடொன்றில் எட்டு மாதம் நிறையாமல் ஒரு பெண் குழந்தை பிறந்தது. மார்கழிப் பனி. குழந்தையின் பாதம் சில்லிட்டிருந்தது. தாயை நடு இருக்கையில் ஏற்றித் தொட்டுப் பார்த்தேன். துளி சூடு இல்லை.

"சூடு வேணும் அண்ணே. இல்லாட்டி ஆஸ்பத்திரி வரைக்கும் புள்ள தாங்காது."

நீங்கள் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை எடுத்து ரெக்சினைக் கிழித்தீர்கள். ஸ்பொஞ்சை வாரி வெளியே எறிந்து, ஒரு சாக்கை மடித்துப் போட்டு அவளை உட்காரவைத்தீர்கள். ஹாலிஎலை ஊரைத் தாண்டும்போது, தாயின் மார்போடு கிடந்த குழந்தை வீரிட்டு அழுதது. நானும் அழுதேன்.

கிழிந்த இருக்கையைப் பார்த்த வியாபாரி வந்த வழியே போய்விட்டார். டொல்பினை வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள். ஷெல்லை அன்று விற்க இருந்தது தாய்க்குத் தெரியாது. "அவகிட்ட மட்டும் சொல்லிறாதீங்க மிஸ்ஸி. தன்னாலதான்னு குன்னிப் போயிரும்" என்று என்னிடம் வாக்கு வாங்கினீர்கள். அந்த ஷெல்லையே கடைசிவரை ஓட்டினீர்கள்.

உங்கள் இழவு வீட்டில் ஒருவர், "ஊரே டொல்பினுக்கு மாறுச்சு, இந்த மனுசனுக்கு மட்டும் முன்னேறத் தெரியல" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தத் தாய் என் பக்கத்தில்தான் நின்றாள், தோள் உயரம் வளர்ந்துவிட்ட மகளோடு. "ஆமாங்க மிஸ்ஸி" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எவ்வளவு நல்ல மனுசன். ஒரு டொல்பின் வாங்கியிருக்கலாம்."

நான் வாயைத் திறக்கவில்லை, அண்ணே. இன்னும் திறக்கவில்லை.