பாத்திரத்துக்கு மூடியான நம்பர் பிளேட்

சாப்பாடு அடுப்பு மேடையில் இருக்கிறது. அதன் மேல் மூடியாக இருப்பது நீங்கள் காருக்குப் புதிதாக மாட்டிய அருமை நம்பர் பிளேட்தான். நான்தான் கழற்றிக் கழுவி வைத்தேன். பாத்திரத்தை மூடக்கூட அதற்கு அளவு பத்தவில்லை.

எழுத்து இவ்வளவு பெரிதாக, நேராகத்தான் இருக்க வேண்டும், அதுதான் சட்டம் என்று படித்துப் படித்துச் சொன்னேன். “எந்த போலீஸ்காரன் ஸ்கேல் வெச்சு அளக்கப் போறான்?”னு சிரித்தீர்கள். மாட்டிக்கொண்டது உங்கள் அம்மா.

நேற்று ஆஸ்பத்திரியில் அத்தையைக் காரருகே போய் நிற்கச் சொல்லிவிட்டு, நான் மருந்து வாங்கப் போனேன். புரை விழுந்த கண்ணுக்கு உங்கள் பூவேலை எழுத்து எங்கே தெரியும்? யாருடைய கார்க் கதவையோ பிடித்து இழுத்திருக்கிறார். அந்த ஆள் திருடி என்று கத்தியிருக்கிறான்.

சாயங்காலம் மெக்கானிக் வருவார். பழைய பிளேட் மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. அதை மாட்டும்வரை சாவி என்னிடம்தான். உங்களுக்கு நடராஜா சர்வீஸ்.

பி.கு.: உங்களிடம் சொல்லக் கூடாதென்று அத்தை சத்தியம் வாங்கினார். அந்த ஆளிடம், “மன்னிச்சுக்கப்பா, எம்புள்ள கார் நம்பரு பெருசா, பளிச்சுனு இருக்கும். இங்க அது இல்ல”ன்னு சொன்னாராம். உங்கள் காரில் சாய்ந்துகொண்டு.